கல்லாவும் காலும்

சென்ற மாதம் கூடிய நம் சங்க நிர்வாகக் குழுவில் ஒரு கடிதம் படிக்கப்பட்டது. நகரில் உள்ள ஓட்டக்காரர் குழுவினர் எழுதிய கடிதம் அது. வருகிற மார்கழிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை 21 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி நடத்தப் போகிறார்களாம். பாதை நம் கடைவீதி வழியாகச் செல்கிறது. காலை 5 மணி முதல் 9 மணி வரை வண்டிகளை நிறுத்தி வைக்க வணிகர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் கூட்டம் இரண்டு கட்சியாகிவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைக் கெடுத்து யாரோ ஓடுவதற்கு நாம் ஏன் வழி விட வேண்டும்? ஆட்சேப மனு கொடுப்போம்" என்றது ஒரு கட்சி. "ஊருக்கு நல்லது நடக்கும்போது வணிகர்கள் குறுக்கே நின்றார்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்" என்றது மற்றொன்று. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதற்குள் உறுப்பினர்கள் ஆர அமர யோசிக்க வேண்டும் என்பதற்காக நம் கருத்தை இங்கே எழுதுகிறோம்.

ஆட்சேபம் நியாயமானதே

முதலில், எதிர்ப்பவர்களின் பக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை என்பது இறைச்சிக் கடைக்கும் மீன் கடைக்கும் வாரத்தின் பெரிய வியாபாரம். காய்கறி மண்டிக்கு விடிவதற்கு முன்பே லாரி வந்தாக வேண்டும். வந்த சரக்கு இறங்கி, பிரிந்து, சில்லறைக் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பூக்காரம்மாள் கட்டி வைத்த சரம் மதியத்துக்குள் வாடிவிடும். டீக்கடைக்காரருக்குக் காலை 5 முதல் 9 வரைதான் பொழுதே. இவர்களில் பலருக்கு அன்றைய வரவுதான் அன்றைய அடுப்பு. "நான்கு மணி நேரம்தானே" என்று வெளியார் எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த நான்கு மணி நேரத்தை விற்றுப் பிழைப்பவருக்கு அது எளிதல்ல.

வேறு ஊர்களில் முன்னறிவிப்பு ஏதுமின்றித் தெருவை அடைத்து, மண்டிக்கு வந்த சரக்கு வண்டியில் கிடந்தே வெம்பிப் போன கதைகளையும் உறுப்பினர்கள் சொன்னார்கள். ஆகவே எதிர்ப்பவர்களை விளையாட்டுக்கு விரோதிகள் என்று யாரும் பேச வேண்டாம்.

ஓடுகிறவர் யார்?

ஆனால் "யாரோ ஓடுவதற்கு" என்று கூட்டத்தில் சொல்லப்பட்டதே, அதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தக் குழுவில் ஓடுகிறவர்களில் ஒருவர் நம் உறுப்பினர். பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர்; வயது 52. அவர் விருப்பப்படி பெயரைத் தவிர்க்கிறோம். அவரை அறியாதவர் நம் வீதியில் இல்லை.

அவருக்கு 45 வயதில் சர்க்கரை நோய் கண்டது. நம்மில் பலருக்குக் கண்டது போலத்தான். காலை 7 மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு 10 மணிக்கு எழுந்திருப்பது, பசிக்கும்போது சாப்பிடாமல் கூட்டம் குறைந்தபோது சாப்பிடுவது, நடுவில் ஆறு டீ, எடுபிடிக்குப் பையன் இருப்பதால் பக்கத்துக் கடைக்குக்கூட நடக்காமல் இருப்பது என்று இருபது வருடம் ஓடினால் உடம்பு வேறென்ன செய்யும்? மருத்துவர் தினம் நடக்கச் சொன்னார். இவர் விடியற்காலை 4.30-க்கு எழுந்து நடக்க ஆரம்பித்தார். நடை ஒரு வருடத்தில் மெல்லோட்டமாயிற்று. அடுத்த வருடம் 10 கிலோமீட்டர், பிறகு 21 கிலோமீட்டர். கடைசியில், சென்னையில் ஆண்டுதோறும் தை மாத வாக்கில் நடக்கும் மராத்தான் ஓட்டத்தில் முழுத் தூரமான 42 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தார்.

கடைவீதி அவரை விட்டுவைத்ததா? "அண்ணாச்சி, ஓடி ஓடி எந்த ஊருக்குப் போகப் போறீங்க?" என்று கேட்டவர்களில் நாமும் உண்டு. முதல் தடவை 32 கிலோமீட்டரில் கால் மரத்து, சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மறுநாள் கடைக்கு வந்தவரிடம் ஊரே துக்கம் விசாரித்தது. அவர் சிரித்துவிட்டு எடையைப் பார்க்கப் போய்விட்டார். மறு ஆண்டு மீண்டும் போனார். 5 மணி 50 நிமிடத்தில் முடித்தார். அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் முடித்திருந்தார்கள். பரிசுப் பணம் இல்லை. கழுத்தில் ஒரு பதக்கம், கையில் ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான்.

இப்போது மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது என்கிறார். எல்லோருக்கும் அப்படிக் குறையும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கில் நம் கடைவீதியின் பங்கு சிறியதாக இருக்காது. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். இன்று வாணியனே வைத்தியனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு பவுன் முன்பணத்தில் தொடங்கிய ஓட்டம்

பணத்துக்காகவோ தொழிலாகவோ ஓடாமல், சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே நெடுந்தூரம் ஓடுவதற்குப் பெரிய வரலாறு உண்டு. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று இரண்டு நகரங்கள். பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நம் மக்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1893-இல் ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காக அந்த நாட்டுக்குப் போன இளம் வழக்கறிஞர் காந்தி ரயிலிலிருந்து வெளியே தள்ளப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான்.

இந்த இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள மேடும் பள்ளமுமான ஏறத்தாழ 90 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓடிக் கடக்கும் போட்டிக்குக் காம்ரேட்ஸ் மராத்தான் என்று பெயர். அதைத் தொடங்கியவர் விக் கிளாப்பம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். போரில் இறந்த தோழர்களின் நினைவாக ஓர் ஓட்டம் நடத்த வேண்டும் என்று முன்னாள் வீரர் சங்கத்திடம் அனுமதி கேட்டார். இவ்வளவு தூரம் மனிதனால் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். அவர் சொன்ன பதில் நாம் கவனிக்க வேண்டியது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைப் பட்டாளத்தில் சேர்த்து நாள்கணக்கில் நடக்க வைத்தீர்களே, அவர்கள் தாங்கவில்லையா, பயிற்சி எடுத்தவன் இதைத் தாங்க மாட்டானா என்று கேட்டார். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1921-இல் அனுமதி கிடைத்தது. செலவுக்கு ஒரு பவுன் கொடுத்தார்கள். அதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டிய முன்பணம்.

1921 மே 24 அன்று 34 பேர் புறப்பட்டார்கள். 16 பேர் முடித்தார்கள். முதலில் வந்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம். ஒரு பவுனில் தொடங்கிய அந்த ஓட்டத்தில் இப்போது ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் பேர் ஓடுகிறார்கள். ஓர் ஆண்டு டர்பனிலிருந்து மேட்டை நோக்கி, மறு ஆண்டு அங்கிருந்து கடலை நோக்கி என்று திசை மாறிவரும். முன்னணியில் வரும் சிலருக்குப் பரிசுப் பணம் உண்டு. மற்ற அனைவரும் பள்ளி ஆசிரியர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், செவிலியர்கள், கடைக்காரர்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

இந்தப் போட்டியில் பெரிய அநியாயமும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே அதிகாரபூர்வமாக ஓடலாம். 1923-இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்மணியின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் பெயர் பதியாமலே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். 1935-இல் ராபர்ட் எம்ச்சாலி என்ற கறுப்பர் அதேபோல ஓடி 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். இருவர் பெயரும் அன்றைய முடிவுப் பட்டியலில் ஏறவில்லை. எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது 1975-இல்தான். சாம் ட்ஷபலாலா என்ற கறுப்பர் முதலிடம் பெற்றது 1989-இல். சாலை எல்லோருக்கும் பொது என்பதை அந்த நாடு ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு ஆயிற்று. சாலையை யாருக்கு விடுவது என்று நாம் விவாதிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

இந்த ஓட்டத்தின் இரண்டு வழக்கங்கள் வணிகர்களுக்குப் பிடிக்கும். ஒன்று, கெடு. 12 மணி நேரம் முடிந்த நொடியில் துப்பாக்கி வெடிக்கும். சுடுகிறவர் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று சுடுவார். யார் முகத்தையும் பார்த்து இரக்கப்பட்டு ஒரு நொடி தாமதிக்கக்கூடாது என்பதற்காக. கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நிற்பவருக்கும் அன்று பதக்கம் இல்லை. 12 மணி நேரம் ஓடியவரிடம் இவ்வளவு கண்டிப்பா என்று தோன்றும். ஆனால் கெடு எல்லோருக்கும் ஒன்று என்பதால்தான் அந்தச் சிறு பதக்கத்துக்கு மதிப்பு. தவணை தவறாதவனுக்கும் தவறியவனுக்கும் ஒரே மரியாதை என்றால் வியாபாரத்தில் நாணயம் எங்கே நிற்கும்?

மற்றொன்று, எண். பத்து முறை முடித்தவருக்கு அவருடைய எண் நிரந்தரமாகச் சொந்தமாகிவிடும். பச்சை எண் என்று பெயர். வேறு யாருக்கும் அதைக் கொடுக்க மாட்டார்கள். கடைக்குப் பெயர் நிற்பதும் இப்படித்தானே? ஒரு நாள் பெருவியாபாரத்தில் பெயர் நிற்பதில்லை; வருடம் தவறாமல் கதவைத் திறந்தால் நிற்கிறது.

உடம்பின் நாள் கல்லாவும் கிடங்கும்

நம் உறுப்பினர் முதல் தடவை 32 கிலோமீட்டரில் ஏன் விழுந்தார்? அவர் பிறகு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறோம்.

உடம்பு இரண்டு இடத்தில் முதல் வைத்திருக்கிறது. ஒன்று நாள் கல்லா. சாப்பிட்ட மாவுச்சத்து கிளைகோஜன் என்ற பொருளாக ஈரலிலும் தசையிலும் தங்கியிருக்கும். எடுத்தவுடன் செலவழிக்கலாம், ஆனால் இருப்பு குறைவு. சுமார் 2,000 கலோரிதான். மற்றொன்று கிடங்கு, அதுதான் கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பில் 7,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. நம் தொப்பையைப் பார்த்தாலே கிடங்கில் இருப்புக்குக் குறைவில்லை என்று தெரியும். ஆனால் கிடங்குச் சரக்கை உடனே காசாக்க முடியாது. மெதுவாகத்தான் வெளியே வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ எடை உள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 70 கலோரி செலவாகும். நாள் கல்லாவை மட்டும் நம்பினால் 28, 30 கிலோமீட்டரில் கல்லா காலி. மராத்தான் ஓடுகிறவர்கள் 30 கிலோமீட்டருக்கு மேல் சுவரில் மோதியது போல் நின்றுவிடுவதற்கு இதுதான் முக்கிய காரணம். கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் பத்து கிலோமீட்டரை வேகமாக ஓடினால் கல்லா இன்னும் சீக்கிரம் காலியாகும். நம் உறுப்பினர் செய்தது அதுதான். கடை திறந்த முதல் மாதத்திலேயே கைமுதலை எல்லாம் அலங்காரத்தில் போட்டவர் படும் பாடுதான் அவர் பட்டது.

மறு வருடம் என்ன செய்தார்? வாரத்தில் நான்கு நாள் மட்டும் ஓடினார். அதில் மூன்று நாள் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம். அதையும் மெல்ல மெல்லத்தான் கூட்டினார். இப்படி ஓடப் பழகிய உடம்பு கிடங்கிலிருந்து அதிகமாக எடுத்து, கல்லாவைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளும். போட்டியன்று வழியில் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். போட்டிக்கு முன் இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்து உடம்பை ஆற விட்டார். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பதை நாம் பேரனுக்குச் சொல்கிறோம். அவர் காலுக்குச் சொன்னார்.

ஆசைப்பட்டு அவசரப்படாதீர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. இவரைப் பார்த்து உற்சாகமடைந்த மற்றோர் உறுப்பினர், பரிசோதனையும் இல்லாமல், பழக்கமும் இல்லாமல், பழைய ரப்பர் செருப்பைப் போன்ற காலணியோடு முதல் வாரத்திலேயே 10 கிலோமீட்டர் ஓடினார். முழங்கால் வீங்கி மூன்று வாரம் கடைக்கு வரவில்லை. பண்டிகைக் கால வியாபாரம் கைநழுவியது. அவர் இன்று ஓட்டத்தையே திட்டுகிறார். தவறு ஓட்டத்தில் இல்லை.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மார்பு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஓட ஆரம்பிக்கக் கூடாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சட்டைப் பையில் மிட்டாய் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. தண்ணீர் விஷயத்திலும் நிதானம் வேண்டும். நம் வெயிலில் குடிக்காமல் ஓடுவது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் 488 ஓட்டக்காரர்களைச் சோதித்தார்கள். அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் உப்பு அளவு குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்ததே முதன்மைக் காரணம். தாகத்துக்குத் தக்கபடி குடிப்பதே நல்லது.

ஓடித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போன்ற உழைப்பு இருந்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. நாளுக்கு 25 நிமிடம் கூட ஆகவில்லை. கடைக்கு வண்டியில் வருவதை விட்டு நடந்து வந்தாலே பாதிக் கணக்கு தீர்ந்துவிடும்.

வயதைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு ஒரு பெயர்: ஃபவுஜா சிங். பஞ்சாப் விவசாயி. மனைவியையும் மகனையும் இழந்த துயரத்தை ஆற்றிக்கொள்ள முதுமையில் ஓட ஆரம்பித்தவர். பாஸ்போர்ட் கணக்குப்படி 1911-இல் பிறந்தவர். 2000-இல் 89 வயதில் லண்டன் மராத்தானை ஓடினார். 2011-இல் 100 வயதில் டொராண்டோவில் முழு மராத்தானை முடித்தார். 2025 ஜூலையில் சொந்த ஊருக்கருகே சாலையில் வண்டி மோதி இறந்தார். நூற்றாண்டு கடந்த அந்த உடம்பை முதுமை வீழ்த்தவில்லை. நிற்காமல் போன ஒரு வண்டி வீழ்த்தியது.

இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. விடியற்கால இருட்டில் நம் புறவழிச் சாலையில் ஓடுகிறவர்களின் பக்கத்தில் நம் சரக்கு வண்டிகளும்தான் போகின்றன. போட்டியன்று சாலையை மூடக் கேட்பது சொகுசுக்காக என்று நினைத்தவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓய்வு இல்லாமல் ஓட்டம் இல்லை

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். உடம்பு வலுப்பெறுவது ஓடும்போது அல்ல. ஓடிய பிறகு எடுக்கும் ஓய்வில்தான். நமக்கு இது கசக்கிறது. வருடத்தில் 365 நாளும் கடை திறந்தேன் என்று சொல்வதை நாம் பெருமையாக வைத்திருக்கிறோம். பக்கத்துக் கடைக்காரர் திறந்திருக்கும்போது நாம் மூடினால் வாடிக்கை போய்விடுமே என்ற பயம் இரண்டு பேரையும் திறக்க வைக்கிறது. இரண்டு பேருக்கும் லாபம் கூடவில்லை. ரத்தக் கொதிப்புதான் கூடியது. இந்தப் பயத்தைத் தனி ஆளால் வெல்ல முடியாது. சேர்ந்து முடிவெடுத்தால் முடியும், அதற்காகத்தான் சங்கம்.

நம்மோடு நிற்கிறார்களே பணியாளர்கள், அவர்கள் நிலை இன்னும் கடினம். நமக்குக் கல்லா நாற்காலியாவது உண்டு. துணிக்கடையில் 12 மணி நேரம் நிற்கும் பெண்ணின் காலில் நரம்பு சுருண்டு நிற்பதை நாம் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தோம். 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகுதான் பல கடைகளில் முக்காலி வந்தது. வார விடுமுறையோ 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதை முழுமையாகக் கொடுக்கிறோமா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். முதலாளி மராத்தான் ஓடுவதற்காகப் பையன் ஞாயிற்றுக்கிழமையும் கடையில் நிற்கிறான் என்றால் அந்த ஆரோக்கியத்தில் பாதி கடன் வாங்கியது.

நம் உறுப்பினர் இதில் நேர்மையாக இருந்தார். தாம் நீண்ட தூரம் ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை 10 மணிக்குத்தான் திறந்தார். பணியாளர்களும் 10 மணிக்கு வந்தால் போதும் என்றார். இரண்டு மாதம் வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு 10 மணிக்கு வரப் பழகிக்கொண்டார்கள். கல்லாவில் பெரிய குறை தெரியவில்லை என்று தம் கணக்குப் புத்தகத்தையே நம் முன் விரித்துக் காட்டினார். அவர் ஓடி முடித்ததைவிட இந்தக் கணக்கைத்தான் நாம் பெரிய செய்தியாக நினைக்கிறோம்.

நாம் சொல்வது என்ன?

ஆட்சேப மனு வேண்டாம். கேட்டதையெல்லாம் அப்படியே கொடுக்கவும் வேண்டாம். பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவோம். அடுத்த கூட்டத்தில் இந்த நிபந்தனைகளை முன்வைக்கலாம் என்பது நம் யோசனை.

1. தேதியும் பாதை வரைபடமும் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் எழுத்து மூலம் சங்கத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் துண்டறிக்கை கொடுக்க வேண்டும்.

2. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி கூடாது.

3. கடைவீதிப் பகுதியை முதலில் ஓட வைத்து, 7.30-க்குள் அதைத் திறந்துவிட வேண்டும். மண்டி லாரிகள் 4.30-க்குள் சரக்கு இறக்கி வெளியேற நாமும் ஏற்பாடு செய்வோம். மண்டிக்குப் பின்புறச் சந்து எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

4. ஓட்டக்காரர்களுக்கு வேண்டிய பழம், தண்ணீர், டீ, பூமாலை எல்லாவற்றையும் பாதையில் உள்ள நம் சிறு கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் வாங்க வேண்டும். அன்று வியாபாரம் இழப்பவருக்கே அன்றைய கொள்முதல் போய்ச் சேரட்டும்.

5. தூக்கி எறியும் பிளாஸ்டிக் குவளை, தண்ணீர்ப் பொட்டலம் கூடாது. நம்மிடம் அபராதம் வசூலிக்கும் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். குப்பையை அவர்களே அள்ள வேண்டும்.

6. ஆம்புலன்சும் மருத்துவரும் கட்டாயம். அவசர நோயாளி குறுக்கே போக வழி விட வேண்டும்.

இவற்றுக்கு அவர்கள் இசைந்தால், நம் பங்குக்கு இரண்டு காரியம் செய்வோம். போட்டிக்கு ஒரு மாதம் முன்பு சங்கக் கட்டடத்தில் உறுப்பினர்களுக்கும் பணியாளர்களுக்கும் இலவசமாகச் சர்க்கரை, ரத்தக் கொதிப்புப் பரிசோதனை நடத்துவோம். போட்டியன்றே கடைவீதிக்காரர்களுக்கென்று 5 கிலோமீட்டர் நடை ஒன்றைத் தனியாகக் கேட்போம். முதலாளியும் பணியாளரும் சேர்ந்து நடக்கட்டும். அன்று அவசரச் சரக்குக் கடைகள் தவிர மற்றவை 10 மணிக்குத் திறக்கட்டும். ஒரு நாள் சேர்ந்து தாமதமாகத் திறந்து பழகினால், வாரம் ஒரு நாள் சேர்ந்து மூடுவதைப் பற்றிப் பேசவும் நமக்குத் துணிவு வரும்.

எதிர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு மணி நேர வியாபாரம் போகும் என்று அஞ்சுகிறீர்கள்; அந்த அச்சம் நியாயம். ஆனால் சென்ற சில ஆண்டுகளில் நம் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிய இரங்கல் அறிவிப்புகளை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களின் படம் எத்தனை? அவர்கள் கடைகளில் சில இன்று வேறு பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. அங்கே போனது நான்கு மணி நேர வியாபாரம் அல்ல.

அடுத்த கூட்டம் வழக்கம்போல் இரவு 9.30-க்கு. இந்த முறை உறுப்பினர்கள் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.